இரு முழுக்குகளுக்கு இடையே: இடைநாள் கூந்தல் பராமரிப்பு குறித்த ஓர் ஆய்வு

தமிழ்ப் பேச்சு வழக்கில் குளியல் ஒன்றன்று, இரண்டு. கழுத்துக்குக் கீழே நீர் வார்த்துக்கொள்வதை ‘மேலுக்குக் குளிப்பது’ என்றும், கூந்தலை நனைத்துத் தேய்த்து அலசுவதைத் ‘தலைக்குக் குளிப்பது’ என்றும் மக்கள் பிரித்தே சொல்கிறார்கள். முன்னது நாள்தோறும் நடப்பது, பின்னது நாள் பார்த்து நடப்பது. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்று வகுத்த வழக்கத்தைக் கணக்கிட்டால், ஒரு முழுக்குக்கும் அடுத்த முழுக்குக்கும் இடையே மூன்று நாளோ நான்கு நாளோ செல்வது தெரியும். தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கை விதிப்பதும் இக்கணக்கோடு ஒத்துப்போகிறது. சிகைக்காய், அரப்பு, ஷாம்பு என்று முழுக்கைப் பற்றியே பேச்சும் எழுத்தும் மிகுந்திருக்க, கூந்தல் தன் காலத்தின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடைநாட்கள் தனியே ஆராயப்படுவதில்லை. வாருதல், சிக்கெடுத்தல், பின்னுதல், முடிதல், எண்ணெய் தடவுதல், பூச்சூடுதல் ஆகிய அனைத்தும் இடைநாட்களின் கலைகள். அவை எதைக் காத்தன, எதைக் காக்கத் தவறின என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண்பதற்கு முன், பேச்சில் ஒன்றாகவே கலந்துவிடும் இரு பொருள்களைப் பிரித்துக்கொள்ள வேண்டியுள்ளது. ‘தலை’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் இடத்தில் உயிருள்ள தோலும் உயிரற்ற இழையும் சேர்ந்திருக்கின்றன. தலைத்தோல் வியர்க்கிறது, செதில் உதிர்க்கிறது, நுண்ணுயிர்களைத் தாங்குகிறது, சீபம் என்று மருத்துவம் குறிக்கும் தோலெண்ணெயைச் சுரக்கிறது. முடியோ கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன இழை. தோலுக்கு வெளியே வந்தபின் அதற்குத் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. தோலுக்கு நல்லது இழைக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இழையைக் காப்பது தோலைக் கெடுக்கவும் கூடும். மரபு வழக்கம் குறித்து இன்று நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டைக் கவனியாமல் எழுந்தவையே.

இழையிலிருந்து தொடங்கலாம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்று கொண்டால், 72 சென்டிமீட்டர் நீளமுள்ள சடையின் நுனி ஆறு வயது நிரம்பியது. வாரத்துக்கு இரண்டு முழுக்கு என்ற கணக்கில் அந்நுனி 600 முறைக்கு மேல் நனைந்து, தேய்க்கப்பட்டு, உலர்ந்திருக்கும். முடியின் மேற்பரப்பு வீட்டுக் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேலொன்று படிந்த செதில்களால் ஆனது. அவற்றின் விளிம்புகள் வேரிலிருந்து நுனியை நோக்கி அமைந்துள்ளன. நீரில் நனையும்போது இழையின் விட்டம் ஏறத்தாழ 15 விழுக்காடு பெருக்கிறது, செதில்கள் சற்றே மேலெழுகின்றன, உலரும்போது மீண்டும் படிகின்றன. இவ்வாறு பெருத்தும் சுருங்கியும் வரும் ஒவ்வொரு முறையும் இழை சிறிது புரதத்தை இழக்கிறது. ஆகவே கழுவாத நாள் என்பது, இழையைப் பொறுத்தவரை, ஓய்வு நாள். நீளக் கூந்தலைப் பெருமையாகக் கருதிய ஒரு சமூகம் முழுக்குகளை இடைவெளிவிட்டு அமைத்துக்கொண்டதில் அனுபவ அறிவு இருந்தது என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை.

ஓய்வு நாள் என்றாலும் அது வேலையற்ற நாள் அன்று. உறக்கம், காற்று, வியர்வை ஆகியவற்றால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைச் சிக்கு என்றும் சிடுக்கு என்றும் வழங்குவர். சிக்கெடுப்பதற்கென்றே ‘சிணுக்குவலி’ என்னும் ஒரு கருவி தமிழ் வீடுகளில் இருந்தது. பேச்சில் அது சிணுக்கோலி ஆயிற்று. கைக்கு அடங்கும் அளவில், ஒருபுறம் கூர்ந்த உலோகக் கம்பியாக அமைந்த அது, முடிச்சின் நடுவே செலுத்தி இழைகளை ஒவ்வொன்றாக விடுவிக்கவும், வகிடு எடுக்கவும் பயன்பட்டது. பல்வரிசை கொண்ட சீப்பு முடிச்சை இழுத்து இறுக்கும் இடத்தில் ஒற்றைக் கம்பி அதை நெகிழ்க்கும் என்பதைக் கண்டறிந்தவர்கள் கையில் உருவான கருவி அது. பழகிய கை சிக்கெடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது: சிக்குக்கு மேலே உள்ள முடிக்கற்றையை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, இழுவிசை வேருக்குப் போகாதபடி தடுத்து, நுனியில் ஒரு சாண் வாரி, பிறகு இன்னொரு சாண் மேலே ஏறி, இறுதியில்தான் உச்சியிலிருந்து நுனிவரை சீப்பை ஓடவிடுவார்கள். மேலிருந்து தொடங்கினால் சிறுசிறு சிக்குகள் எல்லாம் கீழே தள்ளப்பட்டு ஒரே பெருமுடிச்சாகத் திரளும் என்பதே காரணம். ஈரத் தலையை வாராதே என்ற பாட்டியின் கண்டிப்பையும் இழையியல் உறுதிசெய்கிறது. நனைந்த முடி தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நீளக்கூடியது, அதற்கு மேலும் இழுபட்ட இழை முழுதாக மீள்வதில்லை.

வாருவதால் இன்னொரு நன்மையும் உண்டு. வேரருகே சுரந்து அங்கேயே தேங்கும் சீபத்தைச் சீப்பு இழை நெடுகப் பரப்புகிறது. உச்சி பிசுபிசுத்தும் நுனி வறண்டும் இருக்கும் இடைநாள் நிலை இதனால் ஓரளவு சமன்படுகிறது. அதே வேளையில், சீப்பில் சுருண்டு வரும் முடியைக் கண்டு எழும் அச்சத்துக்குப் பெரும்பாலும் ஆதாரமில்லை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. பின்னலுக்குள் மூன்று நாள் அடைபட்டிருந்த உதிர்முடி முழுவதும் நான்காம் நாள் ஒன்றாக வெளிவரும்போது அது கொத்தாகத் தெரிகிறது. ஷாம்புவையோ எண்ணெயையோ மாற்றிக்கொண்டே இருக்கும் பலரும் இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பின்னல் அழகுக்கானது என்பது பாதி உண்மையே. விரித்துவிட்ட கூந்தலில் ஒவ்வோர் இழையும் தனித்தனியே துணியோடும் காற்றோடும் உரசுகிறது; மூன்று கால்களாகப் பிரித்துப் பின்னிய சடையில் புறத்தே உள்ள இழைகள் மட்டுமே உரசலைத் தாங்க, அகத்தே உள்ளவை பாதுகாப்பாக இருக்கின்றன. சங்க இலக்கியம் பெண்களின் கூந்தலை ‘ஐம்பால்’ என்று குறிப்பதற்கு, கொண்டை, குழல், சுருள், பனிச்சை, முடி என ஐந்து வகையாகப் புனையப்படுவது என்று உரையாசிரியர்கள் பொருள் கூறினர். அவ்வைந்தும் எப்படித் தோன்றின என்பதில் உரைகளிடையே வேறுபாடு இருந்தாலும், கூந்தலை ஒழுங்குசெய்து கட்டிவைத்தலே அச்சொல்லின் கரு என்பதில் ஐயமில்லை. வயலில் குனிந்து நிற்கும் பெண் அள்ளி முடிந்துகொள்ளும் கோடாலி முடிச்சும், பள்ளிச் சிறுமியின் மடித்துக் கட்டிய இரட்டைச் சடையும் இதே தேவையின் இருவேறு விடைகள். கோடாலி முடிச்சுக்கு ஊசியும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். கூந்தலே தன்னைக் கட்டிக்கொள்கிறது, கையை மேலே தூக்கி ஒருமுறை உதறினால் அவிழ்ந்தும்விடுகிறது.

ஆனால் பின்னலின் இறுக்கம் ஒரு நோயையும் கொண்டுவந்தது. முன்நெற்றியிலும் காதோரத்திலும் முடி மெல்ல மெல்லப் பின்வாங்குவதை இழுவை வழுக்கை என்று தோல் மருத்துவம் குறிக்கிறது. முடியை இறுக இழுத்துக் கட்டிய கிரீன்லாந்துப் பெண்களிடம் அது கவனிக்கப்பட்டு 1907இல் பதிவாயிற்று. தொடக்க நிலையில் கட்டைத் தளர்த்தினால் முடி திரும்ப முளைக்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர்ப்பை தழும்பாகி, இழப்பு நிலைத்துவிடும். பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் ‘மாலை வரை கலையக்கூடாது’ என்று தலையைப் பின்னுக்கு இழுத்துப் பின்னும் பழக்கம் இக்கோணத்தில் மறுபரிசீலனைக்கு உரியது. பின்னும்போது குழந்தைக்கு வலித்தால் அது செல்லம் கொஞ்சலன்று. வேர்ப்பை தாங்கும் அளவைவிட இழுவை மிகுந்துவிட்டது என்பதன் அறிகுறி. இரவில் தளரப் பின்னிக்கொண்டு படுப்பதும், வகிட்டை அவ்வப்போது இடம் மாற்றுவதும் இதற்கு எளிய மாற்றுகள்.

இடைநாட்களின் நடுநாயகம் எண்ணெய். தமிழ் வீடுகளில் இதற்கு ஒரு வேலைப் பிரிவினை உண்டு: முழுக்குக்கு நல்லெண்ணெய், அன்றாடம் தலைவாரத் தேங்காய் எண்ணெய். சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பிரிந்த கண்ணகியின் துயர்நிலையைச் சொல்ல வந்த இளங்கோ, அவள் கூந்தல் நெய்யணியை மறந்ததையும் ஒரு குறியாகச் சொல்கிறார்; எண்ணெய் காணாத கூந்தல் என்பது கேட்பவர் அனைவருக்கும் உடனே விளங்கக்கூடிய அடையாளமாக இருந்திருக்கிறது. இவ்வழக்கத்தின் பயனைச் சோதித்த ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2003இல் மும்பை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்று. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட அவர்கள், கழுவுவதற்கு முன் தடவினாலும் பின் தடவினாலும் முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று கண்டனர். அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட நேரான சிறு சங்கிலி. ஆகவே அது இழைக்குள் ஊடுருவி, நீர் புகுந்து இழை பெருப்பதை மட்டுப்படுத்துகிறது, மற்றவை மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன என்பது விளக்கம். அவ்வாய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனமொன்றின் ஆய்வுப் பிரிவிலிருந்து வந்தது என்பதையும், நல்லெண்ணெய் அதில் சோதிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எனினும் லாரிக் அமிலத்தின் அமைப்பைக் கொண்டு சொல்லப்பட்ட காரணம் வேதியியல் நோக்கில் ஏற்கத்தக்கதே. எண்ணெய் முடியை வளர்க்கிறது என்ற நம்பிக்கையையும் இங்கே திருத்திப் படிக்கலாம். வளர்ச்சி நடப்பது தோலுக்குள். எண்ணெய் செய்வது நுனி முறியாமல் காப்பது. முறியாத முடி நீண்டு தெரிவதால், காத்ததன் பெருமை வளர்த்ததன் பெருமையாகச் சொல்லப்பட்டுவிட்டது.

இழைக்கு இவ்வளவு உதவும் எண்ணெய் தோலுக்குச் சில வேளை பகையாகிறது. தலைத்தோலில் எல்லா மனிதரிடமும் வாழும் மலசீசியா என்னும் பூஞ்சை, தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தானே உருவாக்கிக்கொள்ள இயலாதது. சீபத்தைப் பிளந்து அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பமிலங்களை உண்டு, எஞ்சிய ஒலியிக் அமிலத்தை விட்டுவைக்கிறது. அவ்வமிலம் சிலருடைய தோலை உறுத்த, தோல் விரைவாகச் செதில் உதிர்க்கிறது, அதுவே பொடுகு. பொடுகு கண்டவுடன் ‘தலை வறண்டுவிட்டது’ என்று இன்னும் எண்ணெய் வைப்பது அப்பூஞ்சைக்கு இரை வைப்பதாகவே முடியும். நெற்றியோரம் வழியும் எண்ணெயால் வரும் சிறு பருக்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆசியர்களிடையே நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்துக்கு ஐந்தாறு முறை கழுவியவர்களே தலைத்தோல் நிலையிலும் மனநிறைவிலும் மேம்பட்டிருந்தார்கள் என்று முடிவு கூறியது. இதுவும் ஷாம்பு நிறுவன ஆய்வாளர்களின் பங்கோடு வந்ததே; ஒரு பக்கம் எண்ணெய் வணிகம், மறுபக்கம் ஷாம்பு வணிகம் என்று நிற்கும் களத்தில் வாசகர் இரண்டையும் ஒரே நிறையால் நிறுக்க வேண்டும். ஆயினும் அடிக்கடி கழுவினால் தோல் பழிவாங்குவதுபோல் இன்னும் அதிகம் சுரக்கும் என்ற பரவலான கூற்றுக்கு நல்ல ஆதாரம் இல்லை. சுரப்பைப் பெரிதும் ஆள்வது உடலின் ஆண்ட்ரஜன் வகை ஹார்மோன்கள். கிடைத்துள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால் நியாயமான வழி இதுவே: எண்ணெயைக் காதளவுக்குக் கீழே, வறண்ட நீளத்துக்கும் நுனிக்கும் கொடுப்பது, பொடுகோ பிசுபிசுப்போ உள்ள தோலை வாரத்தில் எத்தனை முறை தேவையோ அத்தனை முறை கழுவுவது.

கழுவிய தலையைக் காயவைப்பதிலிருந்துதான் இடைநாள் தொடங்குகிறது என்பதைப் பழந்தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி, பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலை ஆட்டி, நறும்புகையில் உலர்த்தி, வகைவகையாகப் பிரித்துக் கத்தூரிக் குழம்பு ஊட்டுகிறாள். துவர் என்பது அழுக்கைக் கவ்வி எடுக்கும் துவர்ப்புப் பொருள். விரை என்பது மணப்பொருள். ஓமாலிகை என்பது நீரில் ஊறவைக்கும் நறுமணச் சரக்குகளின் தொகுதி. அகிற்புகையின் இடத்தைப் பின்னர் சாம்பிராணி பிடித்தது. தூபக்காலில் கங்குகளின்மேல் சாம்பிராணியைத் தூவி, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் முதுகில் ஈரக் கூந்தலைப் பரப்பிவிடுவார்கள். கங்கின் இளஞ்சூடு அடிமுடிவரை ஏறி ஈரத்தை வாங்க, மணம் இழையில் படியும். இதில் உண்மையான மருந்து சூடுதான் என்றே தோன்றுகிறது. ஈரத்தோடு முடிந்த கூந்தலில் டிரைக்கோஸ்போரான் என்னும் பூஞ்சை பற்றி, இழை நெடுக வெண்மணிகள் போன்ற முண்டுகளை உண்டாக்கும் வெள்ளைப் பியட்ரா என்ற நோய், நீளக் கூந்தலை ஈரத்தோடு கட்டும் பெண்களிடம் இந்தியாவில் பதிவாகியுள்ளது. கைக்குழந்தைகளுக்குப் புகை போடுவது மட்டும் கைவிடத்தக்கது; அவர்களின் மூச்சுக்குழல் புகையைத் தாங்குவதில்லை.

பூவுக்கும் இவ்வாராய்ச்சியில் இடமுண்டு. மலர் மணத்தைக் கொழுப்பு எளிதில் வாங்கிக்கொள்ளும். எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மணமேறிய எள்ளை ஆட்டி வாசனை எண்ணெய் எடுக்கும் முறை வட இந்தியாவில் நெடுங்காலம் வழங்கியது. எண்ணெய் தடவிப் பின்னிய சடையில் மாலையில் சூடிய மொட்டு மல்லிகை இரவெல்லாம் விரிந்து மணம் விடும்போது, சடையே அந்த எள்ளின் வேலையைச் செய்கிறது; மறுநாள் பூவை எடுத்த பிறகும் கூந்தலில் மணம் தங்குவது இதனால்தான். மருக்கொழுந்து இலையிலேயே மணமுள்ளது ஆதலால் வாடிய பின்னும் பயன்படும். கனகாம்பரம் நிறத்துக்கு மட்டுமே. மூன்றாம் நாள் கூந்தலின் வியர்வை வாடையும் எண்ணெயின் காறல் வாடையும் பூவால் மறைந்தன என்று சொல்வதில் குறையொன்றுமில்லை. ஆனால் இக்கலைகள் எல்லாப் பெண்களுக்கும் திறந்திருக்கவில்லை என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. கணவனை இழந்தவளுக்குப் பூ மறுக்கப்பட்டது. சில சாதிகளில் கூந்தலே மழிக்கப்பட்டது.

பிற நாடுகள் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டன. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கோதுமை மாப்பொருள் தூவிய தலை உயர்குடி அடையாளமாக இருந்தது. 1795இல் பிரிட்டன் அதற்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்தது. மாப்பொருள் எண்ணெயை உறிஞ்சும் என்ற அதே அறிவில் பிறந்ததுதான் இன்றைய உலர் ஷாம்பு. 1940களில் அமெரிக்காவில் மினிப்பூ என்ற பெயரில் தூளாக விற்கப்பட்ட அது பின்னர் அழுத்தத் தெளிப்பானாக மாறியது. உலர் ஷாம்பு எதையும் கழுவுவதில்லை; எண்ணெயை மாவில் ஏற்றி, மாவைத் தலையிலேயே விட்டுவைக்கிறது. ஆகவே அது ஒரு நாளைத் தள்ளிப்போட உதவும், முழுக்குக்கு மாற்றாகாது. 2022இல் அமெரிக்காவில் இத்தகைய தெளிப்பான்கள் பல, புற்றுநோயோடு தொடர்புடைய பென்சீன் கலந்திருக்கலாம் என்பதால் திரும்பப் பெறப்பட்டன. தமிழகத்தில் தூள் வழி வேரூன்றாததற்குக் காரணம் தேடுவது கடினமன்று: கருங்கூந்தலில் வெண்மாவு நரைபோலத் தெரியும், தவிர, பளபளப்பைக் குறையாகக் கருதியவர்கள்தாம் அதை உறிஞ்ச முற்பட்டார்கள், இங்கோ பளபளப்பே அழகாயிற்று.

அந்த மதிப்பீடு ஒரே தலைமுறையில் புரண்டது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் வழியைக் காட்ட, அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு 50 காசுப் பொட்டலமாகப் பெட்டிக்கடைவரை சென்றது. சிகைக்காய் அரைக்கவும், எண்ணெய் ஊறவும், வெந்நீர் போடவும் அரைநாள் வேண்டியிருந்த முழுக்கு, வேலைக்குப் போகும் பெண்ணின் காலைப் பத்து நிமிடத்துக்குள் அடங்கியது. இது இழப்பு என்று புலம்புவோர், அந்த அரைநாள் யாருடைய உழைப்பு என்று கேட்பதில்லை. ஆயினும் பொட்டலத்தோடு ‘எண்ணெய் வழியும் தலை’ என்பது நாட்டுப்புறத்தின் குறியாகவும் இகழ்ச்சியாகவும் மாறியது. நீளத்துக்குக் கொடுத்த எண்ணெயும் தோலுக்குக் கொடுத்த எண்ணெயோடு சேர்ந்தே ஒழிந்தது. உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரில் நாள்தோறும் அலசப்படும் முடி, சுண்ணமும் மக்னீசியமும் படிந்து சொரசொரப்பாவதை நகரத்துப் பெண்கள் இன்று அனுபவத்தில் அறிவார்கள்.

பேன் இடைநாட்களின் பழைய பகை. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆவதால், ஒருமுறை வாரி எடுத்தால் போதாது. பேன்சீப்பையும், ஈரை இழையிலிருந்து உருவும் ஈருளியையும் மூன்று நான்கு நாளுக்கொருமுறை எடுத்த வழக்கம் அவ்வுயிரின் சுழற்சியைச் சரியாகவே முந்தியது.

மரபு முழுதாகக் கைவிட்டவர்கள் சுருட்டை முடிக்காரர்கள். மேற்சொன்ன முறைகள் எல்லாம் நேர்முடியையோ அலைமுடியையோ மனத்தில் கொண்டவை. சுருண்ட இழையில் சீபம் நுனிவரை வழிந்து செல்வதில்லை. ஒவ்வொரு வளைவும் முறிவுக்கு இடம் கொடுக்கும். உலர்ந்த நிலையில் நாள்தோறும் சீப்பிட்டால் சுருள் கலைந்து பறக்கிறது, இழையும் அறுகிறது. ஈரத் தலையை வாராதே என்ற விதி இவர்களுக்குத் தலைகீழாகப் பொருந்தும். வழுக்குப் பூச்சு தடவிய ஈர முடியிலேயே அகன்ற பல் சீப்பால் சிக்கெடுத்து, இடைநாட்களில் சீப்பைத் தொடாமல், கையில் சிறிது நீர் தெளித்து விரல்களால் சுருளைத் திரட்டிவிட்டு, இரவில் வழுவழுப்பான துணியைச் சுற்றிப் படுப்பதையே தோல் மருத்துவர்களும் பரிந்துரைக்கின்றனர். தமிழகத்துச் சுருட்டை முடிப் பெண்கள் பலர் இதை வளர்ந்த பிறகே கற்றுக்கொள்கிறார்கள். அதுவரை அவர்கள் கூந்தல் ‘அடங்காத முடி’ என்ற பெயரோடு எண்ணெய் ஊற்றி இறுக்கிப் பின்னப்பட்டே வந்தது. ஐம்பாலில் ஒன்றாகச் சுருளை எண்ணி, சுருளாத முடியையும் சுருட்டிப் புனைந்த ஒரு மொழியில் இப்பெயர் எப்போது புகுந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.